கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்வரை

எங்கள் குமாசி நகரத்தில் ஒருவர் செத்தால் முதலில் சுவருக்குச் சொல்ல வேண்டும். மேலே படம், நடுவில் அடக்க நாள், கீழே உறவுகளின் பெயர்வரிசை, எல்லாம் ஆங்கிலத்தில். சுவரொட்டியில் பேர் இருப்பவன் உறவு. இல்லாதவன் சாப்பிட வந்தவன்.

அவற்றை அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் யாவ் ட்வும் இருபத்தாறு வருடமாகப் பிழைதிருத்துகிறார். ஆங்கிலத்தில் துக்கத்துக்கும் காலைப்பொழுதுக்கும் ஓரெழுத்துதான் தூரம். அழிவில்லாத ஆன்மாவில் ஓரெழுத்து உதிர்ந்தால் ஒழுக்கங்கெட்ட ஆன்மா. ஒரு பாதிரியாரையே அப்படிச் சுவரேற்ற இருந்தார்கள், ட்வும்தான் காப்பாற்றினார். இப்படி ஒன்றின் வேஷத்தை ஒன்று போடும் நானூறு ஜோடிகள் அவர் நோட்டில் உண்டு. படிப்பது கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்கு. நேராகப் படித்தால் பொருள் வந்து கண்ணை மறைத்துவிடுமாம்.

போன மாதம் அவர் மனைவி கொனாடு இறந்தாள். பிள்ளைகள் இல்லை. பெண்ணின் சாவு தாய்வழிக் குடும்பத்தின் சொத்து. கணவன் ஓரமாக நிற்க வேண்டியவன். குடும்பத்தலைவர், கொனாடுவின் தாய்மாமன் பிம்பொங், இருபது வருடத்தில் ஒருநாளும் ட்வுமை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. "ஏ, எழுத்துப் பொறுக்கி." அவ்வளவுதான் மரியாதை.

ட்வும் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. படத்துக்குக் கீழே ஒரு வரி: கணவர், யாவ் ட்வும்.

"அதையெல்லாம் நாங்க பாத்துக்குறோம், போ."

கொனாடுவின் சுவரொட்டித் தாள் திருத்தத்துக்கு வந்தது. பிம்பொங்கும் கூடவே வந்து மேசையருகே நின்றார். ட்வும் ஸ்கேலை வைத்துக் கீழிருந்து ஏறினார். நடுவில், அடக்க நாள் வரியில் சிக்கியது.

"மாமா, ஓரெழுத்து கூடிப்போச்சு. இதுல அவளை அடக்கம் பண்ணல. ஜெயில்ல அடைக்கிறீங்க."

"அய்யய்யோ! எங்க?"

"இங்க பாருங்க, பாடை வர்ற இடத்துல பீர் வருது."

"பீர் வரத்தான் போகுது! அதைச் சுவத்துல ஒட்டணுமா?" பிம்பொங் குலுங்கிச் சிரித்தார். "எங்க மானத்தைக் காப்பாத்திட்டீங்க. கெட்டிக்கார ஆளுய்யா நீங்க!"

நீங்க! ட்வுமுக்குக் காது சூடேறியது. மேலிருந்து ஒருமுறை நேராகப் பார்த்துவிடலாம் என்றுதான் இருந்தார். பிம்பொங் பேனாவின் மூடியைத் தானே கழற்றி நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க, வெளியே வண்டி நிக்குது." போட்டார்.

தப்பான சொல் கண்ணில் படும். இல்லாத சொல்லைக் கீழிருந்து படித்தால் என்ன, தலைகீழாக நின்று படித்தால்தான் என்ன?

வியாழக்கிழமை வேலைக்குப் போகும் வழியில், கெங்கே என்னும் சோளமாவு உருண்டை விற்பவளின் அடுப்புக்குப் பின்னால் சுவரில் கொனாடு சிரித்துக்கொண்டிருந்தாள். ட்வும் நேராகப் படித்தார். அக்காமார், தம்பிமார், லண்டனிலிருக்கும் ஒன்றுவிட்ட தம்பி, தேவாலயப் பாடகர் குழு. கணவர் இல்லை. இரண்டாம் முறையும் இல்லை.

பிம்பொங் வீட்டுக்கு ஓடினார். "மாமா, என் பேரு?"

"மாப்பிள்ளே," என்றார் பிம்பொங், இருபது வருடத்தில் முதல்முறையாக. "எல்லாம் சரியா இருக்குன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? ஊர் பூரா ஒட்டியாச்சே."

சனிக்கிழமை சிவப்பும் கறுப்புமான துக்க உடைகளால் பந்தல் நிறைந்திருந்தது. வாசலில் உட்கார இடம் காட்டும் பெண், கையில் சுவரொட்டித் தாளோடு நிறுத்தினாள்.

"நீங்க அவங்களுக்கு யாருங்கய்யா?"

ட்வும் அந்தத் தாளையே பார்த்தார். மேலிருந்து கீழ், பிறகு கீழிருந்து மேல்.

"அச்சாபீஸ்லேருந்து வந்திருக்கேம்மா," என்றார்.

கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள்.