சான்றிதழோடு வந்த சாம்பல் நிற வண்டி

பழைய கார் வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை என்று என் நோட்டில் நாற்பத்திரண்டு குறிப்புகள் இருந்தன. நான் கல்லூரி நூலகன். எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன். படித்தபின் பெரும்பாலும் செய்ய மாட்டேன். நீச்சல் பற்றி மூன்று புத்தகங்கள் படித்திருக்கிறேன், மெரினாவில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. ஆனால் கார் விஷயத்தில் படித்ததோடு நிற்க முடியாத நிலை வந்துவிட்டது.

என் மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்தி ஒன்றரை வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி, வாரத்தில் மூன்று நாள் காலை ஏழு மணிக்கு அடையாறில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம். மயிலாப்பூரிலிருந்து போவதில் பிரச்சினை இல்லை, அந்த நேரத்தில் ஆட்டோக்காரர்களும் நல்ல மனநிலையில் இருப்பார்கள். திரும்பி வருவதுதான் பாடு. ரத்த அழுத்தம் இறங்கி, கால் நடுங்க, இடது கையில் பெரிய கட்டோடு அவள் வெளியே வருவாள். நான் செல்போனில் கார் கூப்பிடுவேன். வருகிறேன் என்று சொன்ன டிரைவர் எங்கே போக வேண்டும், கையில் காசு தருவீர்களா என்று விசாரித்துவிட்டுக் காணாமல் போவார். ஆட்டோக்காரர்கள் கட்டையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு, வழியில் வாந்தி எடுப்பார்களா என்று என்னிடம்தான் கேட்பார்கள், அவளுக்குக் காது கேட்காது என்பதைப் போல. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைக்கலாமா என்று ஒருமுறை யோசித்தேன். யோசித்ததை அவளிடம் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். எந்த வண்டியும் வரவில்லை. அன்றைய டயாலிசிஸ் போயிற்று. ஞாயிறு மதியத்திலிருந்து அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சை இழுத்து இழுத்து வாங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், வாக்கியத்தை முடிக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கார் வாங்கியே ஆக வேண்டும் என்று.

புதுக் கார் வாங்கும் நிலையில் ஆஸ்பத்திரி எங்களை வைத்திருக்கவில்லை. எனவே சான்றிதழ் பெற்ற பழைய கார், ஒரு வருட வாரண்டியோடு. வாரண்டி என்ற சொல் என்னை எப்படி மயக்கியது என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒன்றரை வருடமாக எந்த டாக்டரும் எதற்கும் உத்தரவாதம் தராத வீட்டில், யாரோ ஒருவர் எதற்காவது ஒரு வருடம் பொறுப்பேற்கிறேன் என்று காகிதத்தில் எழுதித் தருகிறார். காரை விட்டுவிட்டுக் காகிதத்தை மட்டும் கொடுத்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

வடபழனிப் பக்கம் நூறடி சாலையில் அந்த ஷோரூம். ஏ.சி., காபி, மெல்லிய குரலில் பேசும் ஒரு விற்பனையாளர். வயது முப்பதுக்குள், சட்டையில் சுருக்கமே கிடையாது. எல்லா வண்டியும் இருநூறு அம்சச் சோதனையில் தேறியவை என்றார். என் நாற்பத்திரண்டு அங்கேயே வெட்கப்பட்டது. துணைக்கு என் ஸ்கூட்டரைப் பல வருடமாக உயிரோடு வைத்திருக்கும் மந்தைவெளி மெக்கானிக்கையும் அழைத்துப் போயிருந்தேன். இப்போதெல்லாம் அவர் கார்களும் பார்க்கிறார்.

சாம்பல் நிறத்தில் ஏழு வருடச் சின்ன கார் ஒன்றைக் காட்டினார்கள். ஒரே கை, ரிட்டயரான மனிதர் ஓட்டியது என்றார் விற்பனையாளர். முன்னால் சின்னப் பிள்ளையார், ஸ்டியரிங்கில் சந்தனப் பொட்டு, கதவைத் திறந்ததும் வெள்ளிக்கிழமை பூஜை இப்போதுதான் முடிந்த வீடு மாதிரி சாம்பிராணி மணம். நான் நோட்டை எடுத்தேன். டயர் எந்த வாரம் தயாரானது, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றா, கடன் பாக்கி உண்டா, சர்வீஸ் சீட்டுகள் வரிசையாக இருக்கின்றனவா, எல்லாம் பார்த்துப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே போனேன். வாழ்க்கையில் அவ்வளவு பொறுப்பானவனாக நான் தெரிந்தது அன்று காலைதான்.

மெக்கானிக் மூக்கைச் சுளித்தார். "வாசனை ஓவரா கீதே சார்."

"பக்தியான மனுஷன்" என்றேன்.

அவர் டிரைவர் சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் தரைக் கம்பளத்தின் ஓரத்தைத் துழாவினார். சீட்டைக் கழற்றினால்தான் தூக்க முடியும், ஸ்பானர் என் பைக்கில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று வெளியே போனார். அப்போதுதான் விற்பனையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், பத்து இருபது ஆயிடுச்சு. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அட்வான்ஸ மட்டும் இப்பப் போட்டுட்டீங்கன்னா, அப்புறம் நிதானமா எல்லாம் பாத்துக்கலாம்."

நான் பகுத்தறிவுவாதி. ராகு காலம் பற்றிக் கல்லூரி மலரில் கிண்டலாகக் கட்டுரை எழுதியவன். ஆனால் அந்த நிமிடம் பார்த்து வீட்டிலிருந்து மனைவியின் போன் வந்தது. தினசரிக் காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. பிடித்திருந்தால் பத்தரைக்குள் முடித்துவிடுங்கள், பன்னிரண்டுவரை நேரம் சரியில்லை என்றாள். தன் உடம்புக்காக வாங்கும் வண்டி என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. அவள் உடம்பு விஷயத்தில் மட்டும் நான் எந்தக் கிரகத்தோடும் வம்பு வைத்துக்கொள்வதில்லை. கார்டைத் தேய்த்தேன். மணி பத்து இருபத்தாறு.

ஸ்பானரோடு வந்த மெக்கானிக் ரசீதைப் பார்த்தார். "போட்டப்பறம் தூக்கிப் பாத்து இன்னா சார் ஆவப் போவுது" என்று ஸ்பானரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

கம்பளத்தைத் தூக்கிப் பார் என்பது இருபத்தெட்டாவது குறிப்பு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து மண் கோடு தெரிகிறதா என்று பார், இருபத்தொன்பது. பழைய இன்ஷூரன்ஸில் பெரிய நஷ்ட ஈடு ஏதும் வாங்கியிருக்கிறார்களா என்று கேள், முப்பது. வாரண்டி எவற்றுக்கெல்லாம் கிடையாது என்ற பக்கத்தை முழுதாகப் படி, நாற்பத்திரண்டு. நான் இருபத்தேழில் பணம் கட்டியிருந்தேன்.

மூன்று வாரம் வண்டி நன்றாக ஓடியது. அதையும் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்ததும் வாசலில் நம் வண்டி நிற்கிறது என்பது அவளுக்கு என்ன செய்தது என்று என்னால் முழுதாகச் சொல்ல முடியாது. பின்சீட்டில் காலை நீட்டி, கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொள்வாள். அடையாறு பாலத்தில் மெதுவாகப் போகச் சொல்வாள். ஒரு நாள் வீட்டுக்குப் போகாமல் கடற்கரை வழியாகச் சுற்றிப் போகலாமா என்று கேட்டாள். டயாலிசிஸ் நாளில் அவள் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை, பட்டினப்பாக்கம் பேருந்து நிறுத்தத்துக்குச் சற்று முன்னால், டாஷ்போர்டில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. பிறகு ஒன்றாக அணைந்தன. இன்ஜின், ஏ.சி., எல்லாம் நின்றுவிட்டன. கண்ணாடி இறங்கவில்லை. பகல் பன்னிரண்டு மணி வெயில், பின்னால் பேருந்து ஹாரன். நான் சாவியைத் திருப்பினேன், மறுபடி திருப்பினேன், இன்னொரு தரமும் திருப்பினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் உதடு வெளுத்து, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இறங்கி ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவளால் எழுந்து நிற்க முடியவில்லை.

சாலையோரம் குடைக்குக் கீழே மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்தார். என்னை ஒரு கையால் நகர்த்தினார்.

"இன்னா நைனா, பொம்பளைய உள்ள வெச்சு வேவ வெக்கிறியா? ஒத்து."

கட்டுப் போட்ட கையைத் தொடாமல், மறுபக்கம் அணைத்துத் தூக்கி, மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் குடை நிழலில் உட்கார வைத்தார். பாட்டிலில் தண்ணீர் கொடுத்தார். என் மனைவிக்கு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் தண்ணீர் என்று கணக்கு. அவள் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த அம்மாளின் முகம் மாறியது. "எங்கையால குடிச்சா ஆவாதா?" என்றார். டாக்டர் கூடாது என்றிருக்கிறார், கிட்னி போய்விட்டது என்று மனைவி சொன்னதும் அவர் மீன் வெட்டும் பலகை மேலிருந்த அட்டையை எடுத்து விசிறத் தொடங்கினார். ஓடும் ஆட்டோ ஒன்றைச் சத்தம் போட்டு நிறுத்தியதும் அவர்தான். வாந்தி எடுப்பார்களா என்று ஆட்டோக்காரர் கேட்கவில்லை, அந்த அம்மாள் பக்கத்தில் நின்றதால் இருக்கலாம்.

சாயங்காலம் மெக்கானிக் தன் ஷெட்டுக்கு வரச் சொன்னார். சீட்டுகளைக் கழற்றிக் கம்பளத்தை உரித்துப் போட்டிருந்தார். கீழே கேக் மாதிரி காய்ந்த சேறு. கதவின் உட்பக்கம், ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல ஒரு மண் கோடு, சீட்டின் உயரத்துக்கு. வயர்களெல்லாம் பச்சை பூத்திருந்தன.

"வெள்ளத்துல முங்கின வண்டி சார். பினாயில் போட்டா தெரிஞ்சிடும்னு சாம்பிராணி போட்டுக்கிறான்."

மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிடுவதைப் பார்த்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன். பாலத்தில் இடம் கிடைக்காதவர்களின் வண்டிகள் பிறகு எங்கே போகின்றன என்று ஒருமுறையும் யோசித்ததில்லை.

மறுநாள் புதன்கிழமை ஷோரூமுக்குப் போனேன். விற்பனையாளர் அதே மெல்லிய குரலில் வாரண்டியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் மட்டும். மின் இணைப்புகளுக்கு இல்லை. நீர் புகுந்ததால் வரும் எதற்கும் இல்லை. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளிடம் அடிக்குறிப்பைப் படியுங்கள் என்று சொன்னவன் அன்றைக்குத்தான் அதைப் படித்தேன். கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். போகலாம் சார், உங்கள் உரிமை என்றார். என் மனைவிக்கு நாளைக் காலை டயாலிசிஸ் என்றேன். முதல் தடவையாக அவர் நிமிர்ந்து பார்த்தார்.

உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து ஒரு வழி சொன்னார். அந்த வண்டியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறோம். கொஞ்சம் மேலே போட்டால் இன்னொரு வண்டி, இன்று மாலையே. வேண்டுமானால் உங்கள் மெக்கானிக்கையே அழைத்து வந்து உரித்துப் பாருங்கள். அழைத்து வந்தேன். அவர் இரண்டு மணி நேரம் உரித்தார், பெல்ட்டை இழுத்தார், மூக்கை எல்லா மூலையிலும் நுழைத்தார். இது சுத்தமான வண்டி என்றார்.

பிறகு ஒரு படிவம் வந்தது. பழைய வண்டியைக் கொடுப்பவர் கையெழுத்திட வேண்டியது. 'எனக்குத் தெரிந்தவரை இந்த வாகனம் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டதில்லை.'

"எனக்குத்தான் தெரியுமே" என்றேன்.

"எங்க ரிப்போர்ட்ல அப்படி ஒண்ணும் இல்லையே சார். லேசா ஈரப்பதம்னுதான் போட்டிருக்கு."

"இத யாரு வாங்குவாங்க?"

"யாராவது வருவாங்க சார்." பேனாவின் மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டினார். "நீங்க வரலையா?"

முதல் சொந்தக்காரரும் இதே மேஜையில் இதே வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பார். மூன்று வாரமாக அவரை மனத்தில் பக்திமானாகவும் ஒரு நாளாக அயோக்கியனாகவும் வைத்திருந்தேன். அவர் வீட்டிலும் யாராவது படுத்திருந்தார்களோ என்னவோ. நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் நூலக முத்திரைக்குப் பக்கத்தில் இருப்பது போலத் தெளிவாகத்தான் விழுந்தது.

வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தவள் புது வண்டியைப் பார்த்து நின்றாள். அப்படியே மாற்றிக் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டாள். வாரண்டி இருக்கிறதே என்றேன். நல்லவர்கள் என்றாள்.

சனிக்கிழமை நான் காத்திருக்கும் ஹாலுக்குள் நுழைந்தபோது, அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அம்மாளின் கணவர் என்னைத் தேடி வந்தார். நங்கநல்லூரிலிருந்து வருகிறவர். மூன்று பஸ் மாறி, சில நாள் ஆட்டோவில். உங்கள் மனைவி சொன்னார்கள், ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை மாற்றிக் கொடுத்தார்களாமே, நாளைக்கே போகப் போகிறேன், விலாசம் கொடுங்கள் என்றார். கையில் ஒரு சின்ன நோட்டு.

விலாசம் கொடுத்தேன். பிறகு அந்த நோட்டை வாங்கி, சாம்பல் நிற வண்டியின் எண்ணை எழுதி, இதை மட்டும் எடுக்காதீர்கள், வெள்ளத்தில் கிடந்தது என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் வித்தேன்."

அவர் நோட்டைத் திரும்ப வாங்கி மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தாங்க்ஸ் என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்க நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவியிடமும் சொன்னேன். இனி அவர் வழியாகவாவது தெரிந்துவிடும் என்பதால்தான் சொன்னேன், யோக்கியனாகிவிட்டதால் அல்ல. அவள் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் சரியாக வைத்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை ஒரு நாள் ஆட்டோல போயிருக்கலாமே" என்றாள்.

போயிருக்கலாம். அடுத்த வாரமும் போயிருக்கலாம்.   இப்போதும் அந்தப் புது வண்டியில்தான் போய் வருகிறோம், ஒரு நாள்கூட நின்றதில்லை.

தினமும் காலையில் ஷோரூமின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். சாம்பல் நிற வண்டி, ஒரு வருட வாரண்டி, இருநூறு அம்சச் சோதனை, பளபளவென்று நாலு படம். பத்து நாள் இருந்தது. திங்கட்கிழமை பார்த்தபோது இல்லை.