புகை போன போர்வை

கனகாம்பாளின் இரண்டு கைகளும் முழங்கை வரை பூந்திக்கொட்டை நுரையில் இருந்தன. பழைய சின் மலைப் போர்வையைக் கசக்கக் கூடாது, பிழியவும் கூடாது. அமுக்கி அமுக்கித்தான் எடுக்க வேண்டும். எத்தனை தடவை மாற்றியும் தண்ணீர் பழுப்பாகவே வந்தது. அவளுக்கு அதில் திருப்திதான்.

யாங்கோனின் கியாக்டடா பேட்டையில் பழைய கைநெசவுத் துணி விற்கும் பர்கத்துல்லா கடைக்கு அவள் வெகுகாலமாகத் துவைத்து, கிழிசலில் இழையோட்டித் தருகிறாள். வாங்க வருகிறவர்களுக்குப் புகை நெடி ஆகாது. அதனால் முதலில் தண்ணீர், பிறகுதான் ஊசி. தாகேதா பேட்டையில் அவள் வீட்டுப் படியேறிய எந்தத் துணியும் இதற்குத் தப்பியதில்லை.

இந்தப் போர்வை மட்டும் விற்பனைக்கு வந்ததல்ல. எலி கடித்த ஓரத்தைத் தைக்கச் சொல்லிப் பக்கத்துச் சந்து நியாங் கொடுத்தது. தைத்து முடித்த அன்று திரும்ப வாங்கிப்போக வந்தவள், அதை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“துவைச்சிட்டீங்களா, டோ கனகா?” என்று பர்மிய மரியாதையோடு கேட்டாள்.

“அவ்வளவு அழுக்கு. ஏன், சாயம் போகலையே?”

“அது அழுக்கில்ல. எங்க வீட்டு அடுப்புல எரிஞ்ச பைன் விறகுப் புகை.”

சின் மலையில் ஊர் எரிந்தபின் தாயை அழைத்துக்கொண்டு யாங்கோன் வந்தவள் நியாங். தாய்க்கு இப்போது மகள் முகமே பிடிபடுவதில்லை. தன்னைப் பெற்றவள் இடுப்புத் தறியில் நெய்த இந்தப் போர்வையை மூக்கோடு வைத்துக்கொண்டால்தான், வீட்டில் இருப்பதாக நினைத்துத் தூங்குவாள். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகிறேனென்று தெருவில் இறங்கிவிடுவாள். ஒருமுறை விழுந்தும் இருக்கிறாள்.

கனகாம்பாள் கூடவே போனாள். கிழவி போர்வையை முகர்ந்தாள். ஒழுங்காக மடித்து, தன் மொழியில் ஏதோ சொல்லித் திருப்பி நீட்டினாள்.

“யாருதோ, கொடுத்துடுங்கிறாங்க” என்று நியாங் பர்மீயத்தில் சொன்னாள். கிழவி அதற்குள் வாசலை நோக்கி எழுந்திருந்தாள்.

திரும்பி வரும்போது கனகாம்பாளுக்கு ரமேஷ்குமார் நினைப்பு வந்தது. மகன் மலேசியாவுக்குப் போன அன்று மத்தியானமே அவன் தலையணை உறையைத் துவைத்துக் கொடியில் போட்டவள் அவள். வீடு சுத்தமாகத்தான் இருந்தது. அவன் தலை வாசம் எப்படியிருக்கும் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

பர்கத்துல்லாவுக்குப் போன் போட்டாள். “பாய், பைன் சிராய் எங்க கிடைக்கும்? துணிக்குப் புகை போடணும்.”

“புகையை எடுக்கத்தானே உன்னை வச்சிருக்கேன்? போடவும் ஆரம்பிச்சிட்டியா? கரிக்கடையில கேளு. என் சரக்குப் பக்கம் மட்டும் வந்துடாதே, தாயே!”

மறுநாள் காலை சந்தில் தணல் சட்டியை வைத்து, பைன் சிராயைத் தூவி, கவிழ்த்த பிரம்பு நாற்காலிமேல் போர்வையை விரித்தாள். கண் எரிந்தது. எதிர்வீட்டு ஜெயம்மா சன்னலைச் சாத்தினாள்.

“அக்கா, போர்வையை வேகவைக்கிறீங்களா?”

“ஆமா, குழம்பு நீ கொண்டா.”

புகை ஏறியதும் கொண்டுபோய்க் கொடுத்தாள். கிழவி நெடுநேரம் முகர்ந்தாள்.

“எங்க வீடு இல்லையாம். பக்கத்து வீடாம்” என்றாள் நியாங்.

“பக்கத்து வீட்ல இருப்பாங்களாமா? கேளு.”

கிழவி போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள்.

“மழை விடற வரைக்கும் இருக்காங்களாம்.”

வெளியே சுள்ளென்று வெயில். கனகாம்பாள் எழுந்துபோய்ச் சன்னல் திரையை இழுத்துவிட்டாள்.