சிவப்பு ஜெர்ஸியும் செர்ரி பீரும்

திருப்பூரில் நான் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனியில், ஆபீஸ் ஆட்களில் சைக்கிளில் வந்தவன் நான் ஒருவன்தான். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் மற்ற எல்லோரும் பைக்குக்கு மாறிவிட்டார்கள். திருமுருகன்பூண்டியிலிருந்து அரை மணி நேரம் மிதித்து வருவேன். கேட்பவர்களிடம் உடம்புக்கு நல்லது என்பேன். பைக் பழகப் போய் ஒரு முறை விழுந்ததில் பயந்துவிட்டேன் என்பதுதான் நிஜம்.

சைக்கிள் சாமான்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. கேரியர் இல்லாத சைக்கிள் சைக்கிளே இல்லை. செயினை முழுசாக மூடும் கவர் வேண்டும், இல்லாவிட்டால் பேன்ட் போச்சு. சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இல்லாமல் எங்கள் ஊர் ரோட்டில் போகிறவனுக்கு முதுகெலும்பு இரும்பாக இருக்க வேண்டும்.

அந்த வருஷம் பெல்ஜியத்திலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் ஜெர்ஸி. பருத்தி கலந்த துணி, முன்னால் ஜிப், முதுகில் மூன்று பாக்கெட், சிவப்பு, நீலம் என்று இரண்டு கலர். அந்த ஆர்டரை ஆரம்பத்திலிருந்து கப்பலேற்றும் வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நான். கட்டிங் தொடங்குவதற்கு முன் சாம்பிளைப் பார்க்க, ஆர்டர் கொடுத்த பையரே நேரில் வந்தார். ஐம்பது வயசு, ஒல்லி, நரைத்த குறுந்தாடி. நான் கேட் வழியாக சைக்கிளில் நுழைவதைப் பார்த்துவிட்டு எங்கள் முதலாளியிடம் ஏதோ கேட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“கண்ணு, ஞாயித்துக்கிழமை இவரு கூட சைக்கிள்ல ஒரு சுத்துப் போய்ட்டு வா. நம்ம ஜெர்ஸியப் போட்டுப் பார்க்கோணுமாம்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் நீல ஜெர்ஸி, நான் சிவப்பு. என்னுடையதற்குள் வழக்கம்போல வெள்ளை பனியன் போட்டிருந்தேன். வாட்ச்மேனின் சைக்கிளை அவர் இரவல் வாங்கிக்கொண்டார். ஊத்துக்குளிப் பக்கம் உள்ரோட்டில் போனோம். டீக்கடைகளில் எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தார்கள். தான் கொண்டுவந்திருந்த ஹெல்மெட்டையும், உள்ளே பஞ்சு மெத்தை வைத்துத் தைத்த டவுசரையும் எனக்குக் கொடுத்திருந்தார். ஹெல்மெட்டுக்குள் தலை வெந்தது. டவுசரைப் பற்றி மட்டும் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் அது இல்லாமல் எப்படி உட்கார்ந்தேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ ஒன்று அவர் ஊரில் இருக்கிறதாம். நாய் துரத்தினால் காலை எப்படித் தூக்குவது என்று கேட்டேன்.

மதியம் அவர் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸில் சூட்கேஸைத் திறந்தார். சாம்பிள் டீஷர்ட்டுகளில் சுற்றி ஏழெட்டு பீர் பாட்டில்கள். எனக்குத் தெரிந்த பீர், பல் கூசுகிற அளவு ஜில்லென்று இருக்க வேண்டும். இவருடையது சும்மா கிணற்றுத் தண்ணீர் குளிர்ச்சியில் இருந்தது. அப்படித்தான் குடிக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ருசி தெரியாதாம். முதல் பாட்டில் கறுப்பு. வறுபட்டுக் கருகிய காப்பிக்கொட்டை ருசி, எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது கலங்கலாக இருந்தது. ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“இதில் கொத்தமல்லி விதை போட்டிருக்கிறார்களா?” என்றேன்.

“ஆமாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?”

“எங்கள் வீட்டு ரசத்தில் தினமும் இருக்கிறது.”

மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். மூன்றாவது செர்ரிப் பழத்தில் செய்த சிவப்பு பீர். குழந்தைகளுக்குக் கொடுக்கும் இருமல் மருந்துதான் அது. என் கருத்து இன்றுவரை மாறவில்லை. சிரித்துக்கொண்டே குடித்ததில் கொஞ்சம் மேலே சிந்திக்கொண்டேன். சைக்கிளில் ஏறாமல் வீடு வரை தள்ளிக்கொண்டே போனேன்.

வீட்டில் ஜெர்ஸியைக் கழற்றினேன். மனைவி பார்த்துவிட்டாள்.

“ஏனுங்க, பனியன் என்ன இப்படி இருக்குது?”

நெஞ்சில் ரோஸ் கலர் திட்டு. “பீர் சிந்திருச்சு” என்றேன். அவள் பனியனை வாங்கித் திருப்பினாள்.

“முதுகுல கூடவா சிந்துனீங்க?”

முதுகு முழுக்க ரோஸ். அக்குளில் இன்னும் அழுத்தம். குடித்தது அத்தனையும் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. வியர்வைக்கு ஜெர்ஸியின் சாயம் இறங்குகிறது. சாம்பிள் துணியைத்தான் லேபில் சோதித்திருந்தோம், அது பாஸ். நான் போட்டிருந்தது ஆர்டர் முழுவதற்கும் மொத்தமாகச் சாயம் ஏற்றி வந்த ரோலில் தைத்தது. அந்த லாட்டைத் தனியாக சோதிக்காமல் விட்டது நான். மறுநாள் காலையில் கட்டிங்; வெட்டிவிட்டால் துணியைத் திருப்பிச் சாயப்பட்டறைக்கு அனுப்ப முடியாது.

பனியனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து முதலாளி வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பனியனை விரித்துக் காட்டினேன். தொட்டுப் பார்த்தார்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க. அவரு நீலம் போட்டிருந்தாருங்க. அதுல ஒண்ணும் இல்லீங்க.”

முதலாளி பனியனை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொள் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

“கட்டிங் போடலையில்ல?”

“இல்லீங்க. துணி ரோலாத்தான் இருக்குதுங்க.”

“அப்பப் பொழச்சோம் சாமி. சாயப்பட்டறைக்கு நான் பேசிக்கறேன். வண்டில ஏறு. அவர்கிட்ட இப்பவே சொல்லீரலாம்.”

கெஸ்ட் ஹவுஸில் பையர் பனியனை முகர்ந்து பார்த்தார். “இது செர்ரி இல்லையே” என்றார். நான் நடந்ததைச் சொன்னேன், லாட்டை சோதிக்காத என் தப்பையும் சேர்த்து. அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். “இதை எங்கள் ஊர் மழையில் யாராவது கண்டுபிடித்திருந்தால்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சரக்கு அனுப்பப் பத்து நாள் கூடுதலாகக் கொடுத்தார்.

சாயப்பட்டறையில் அந்தச் சிவப்புத் துணியை மறுபடி சோப்புப் போட்டு அலசி, சாயம் பிடித்து நிற்க மருந்து கொடுத்தார்கள். லேப் ரிப்போர்ட் நன்றாகத்தான் வந்தது. இருந்தாலும் புதுசாகத் தைத்த ஒன்றைப் போட்டுக்கொண்டு உச்சிவெயிலில் அவிநாசி வரை மிதித்துவிட்டு வந்தேன். மனைவி பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்து, “வெள்ளைங்க” என்றாள்.

அடுத்த நாள் கட்டிங் மேஜையில் சிவப்புத் துணியை அடுக்கடுக்காக விரித்தார்கள். கத்தி மெஷின் ஓடத் தொடங்கியதும் நேராக கேன்டீனுக்குப் போனேன். ஒரு தட்டு இட்லி, அப்புறம் இன்னொரு தட்டு, மேலே இரண்டு வடை. ஒரு வாரமாக எனக்குப் பசி என்பதே மறந்திருந்தது.