சேணத்தில் இருந்தவர்

இது கதை இல்லை. நடந்தது. வீட்டு விஷயம் வீட்டுச் சுவரைத் தாண்டக் கூடாது என்று எண்பத்தெட்டு வயதுவரை வாய் திறக்காமல் இருந்தவன் நான். இப்போது எழுதுவதற்குக் காரணம் ஊர்ப் பேச்சு. "ஓமுர்பெக்கோட பெண்டாட்டி அந்த ஹிப்னாடிசம் டாக்டரோட ஓடிட்டா" என்று முப்பத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் பேரப்பிள்ளைகள் காதிலும் விழ ஆரம்பித்துவிட்டது. என் மனைவி கனிஷாய் எந்த வெளி ஆளோடும் போகவில்லை. இதை நான் எங்கும் நின்று சொல்வேன். நாளும் மணியும் என் பழைய டைரியில் இருக்கின்றன.

நாரின் என்ற மலையூருக்குப் பக்கத்தில், ஒரு கூட்டுப்பண்ணையில் முப்பத்தெட்டு வருடம் குதிரை வைத்தியனாக இருந்தேன். கனிஷாய்க்குக் குதிரை என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை. குளம்புச் சத்தம் கேட்டாலே உதடு வெளுத்துவிடும். எங்கள் ஊரில் இது எப்பேர்ப்பட்ட கேலி என்று நினைத்துப் பாருங்கள். சிறு வயதில் மலையில் ஆட்டு மந்தைக்குப் பின்னால் குதிரையில் திரிந்தவள்தான். 1956இல் மணப்பெண்ணாக என் வாசலுக்குள் கால் வைத்த அன்று அந்தப் பயம் பிடித்தது. ஏன் என்று அவளுக்கே தெரியாது.

1984இல் மூத்த மகளின் கல்யாணம். சம்பந்தி வீட்டார் பரிசுக் குதிரையை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பெண்ணின் தாய் தன் கையால் கடிவாளத்தை வாங்க வேண்டும். வாங்காவிட்டால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று பொருள். கனிஷாய் கையை நீட்டினாள். பிறகு அலறிக்கொண்டு ஓடிப்போய் மாவு அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டாள். அறுபது பேர் பார்த்தார்கள்.

"ஊர்க் குதிரைக்கெல்லாம் ஊசி போடறீங்களே சம்பந்தி, வீட்டுல ஒண்ணு போடக் கூடாதா?" என்றார் மாப்பிள்ளையின் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் தொண்டையில் இருக்கிறது.

நான்கு வருடம் கழித்து இரண்டாவது மகள் ஜிபாருக்கு நிச்சயமானது. கல்யாணம் 1988 மே 22, ஞாயிற்றுக்கிழமை. இன்னொரு முறை அந்த அவமானம் கூடாது. அதனால்தான் கனிஷாயை எங்கள் தலைநகரமான ஃபிரூன்ஸேக்குக் கூட்டிப்போனேன். அங்கே டாக்டர் ஃபரீத் என்று ஒரு தாத்தார் இனத்தவர், ஹிப்னாடிசத்தால் பயங்களைத் தீர்க்கிறார் என்று சொன்னார்கள்.

ஏப்ரல் 12, செவ்வாய். மதியம் மூன்று மணி. மூன்றாவது மாடி.

டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லையாம். நகங்களை அழகாக வெட்டியிருந்தார். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க ஐயா."

"முப்பத்திரண்டு வருஷமா அவ கண்ணை மூடினப்பல்லாம் பக்கத்துல இருந்தவன் நான். இன்னைக்கும் இருப்பேன்."

டாக்டர் சிரித்துவிட்டு ஒரு நாற்காலியைக் காட்டினார். கனிஷாயைச் சாய்வுக் கட்டிலில் படுக்கவைத்தார். மேஜைமேல் இருந்த, ஊசல் ஆடித் தாளம் தட்டும் சின்னக் கருவியை முடுக்கிவிட்டார். டக்... டக்... டக்...

"பயம் வந்தா வலது கை விரலைத் தூக்குங்கம்மா. பேச வேண்டாம். விரல் போதும்."

பத்திலிருந்து பின்னோக்கி எண்ணினார். கனிஷாயின் முகம் தளர்ந்தது. இந்தப் பயம் முதலில் வந்த இடத்துக்குப் போகச் சொன்னார்.

"என்ன தெரியுது?"

"வாசல். எங்க வீட்டு வாசல். நான் கல்யாணப் பொண்ணா வந்திருக்கேன்."

"குதிரை இருக்கா?"

"கதவுக்கிட்ட நிக்குது. நனைஞ்சிருக்கு."

"மழையா?"

"இல்ல. நல்ல வெயில்."

விரல் விறைத்து மேலே எழுந்தது. டாக்டர் உடனே அவளை எழுப்பினார். அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. எனக்கு இருந்தது. எங்கள் கல்யாணத்தன்று எங்கள் வாசலில் குதிரை எதுவும் நிற்கவில்லை. அன்று எல்லாக் குதிரைகளையும் நானே கொட்டிலில் கட்டினேன்.

மறுநாள், அதே மூன்று மணி. அதே வாசல். டாக்டர் குதிரையைத் தள்ளி நிற்கவைக்கச் சொன்னார். நகர மாட்டேன் என்கிறது என்றாள்.

"மேல யாராவது இருக்காங்களா?"

"இருக்காரு."

"யாரு?"

"பேரு சொல்லக் கூடாது."

டாக்டருக்குப் புரியவில்லை. நகரத்துக்காரர். எங்கள் பெண்கள் கணவன் பேரைச் சொல்ல மாட்டார்கள். கணவனின் அண்ணன், அப்பன் பேரையும் சொல்ல மாட்டார்கள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சேணத்தில் இருப்பது நான்தான், என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது. டாக்டர் பார்க்கட்டும் என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

"உங்க வீட்டுக்காரரா அம்மா?"

"இல்லல்ல." கனிஷாய் லேசாகச் சிரித்தாள். "அவரு சின்னவரு."

சின்னவர்.

எனக்கு அண்ணன் ஒருவன்தான். எசென்குல். 1949 மே மாதம், பதினேழு வயதில், வெள்ளம் போன ஆற்றைக் குதிரையோடு கடக்கப் பார்த்தான். அவன் உடல் கிடைத்தது. குதிரை கிடைக்கவில்லை. கனிஷாய் என் வீட்டுக்கு வருவதற்கு ஏழு வருடம் முன்பு. அவள் அவனைப் பார்த்ததே இல்லை.

எசென்குலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவின் நல்ல குதிரை அவனுக்கு. நல்ல கம்பளிக் கோட்டு அவனுக்கு. அவன் செத்த பிறகும் அம்மா என்னைப் பார்த்து "எசென்குல்" என்று கூப்பிடுவாள். திரும்பினால், "ஓ... நீயா" என்பாள். என் வாழ்க்கையில் அவன் கை படாமல் எனக்கென்று கிடைத்தது ஒன்றே ஒன்று. கனிஷாய். பக்கத்துப் பண்ணை அறுவடை விழாவில் நானே பார்த்து, நானே கேட்டு, நானே கட்டிக்கொண்டவள்.

அன்று இரவு தங்கியிருந்த உறவினர் வீட்டில் டீ ஊற்றும்போது அவள் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள்.

"என்ன பாட்டு அது?"

"எது? நான் பாடவே இல்லீங்களே."

அவள் படுத்தாள். தூக்கத்தில் சிரித்தாள். எனக்காக அப்படி அவள் சிரித்ததே இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 14, வியாழன். மூன்றாவது நாள்.

டக்... டக்... டக்...

விரல் எழவில்லை.

"பயமா இருக்கா அம்மா?"

"இல்ல. பின்னாடி ஏறிக்கன்னு சொல்றாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல." முகம் புது மணப்பெண்ணின் முகம்போல் இருந்தது. காதோரம் சிவந்திருந்தது. அவளுக்கு வயது ஐம்பத்தொன்று.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன்.

"எசென்குல்! இறங்குடா குதிரைய விட்டு!"

டாக்டர் என் கையைப் பிடித்தார். "ஐயா! பேசாதீங்க!" இன்னொரு கையால் தாளக் கருவியை நிறுத்தினார்.

மணி 3.52.

கருவி நின்றுவிட்டது. சத்தம் நிற்கவில்லை.

டக்... டக்...

கதவுக்கு வெளியே. மூன்றாவது மாடி நடைபாதையில். நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைக்கும் சத்தம். குதிரை அப்படித்தான் காத்திருக்கும். எனக்குத் தெரியாதா?

பிறகு வாடை வந்தது. நனைந்த குதிரையின் வாடை.

கனிஷாய் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"இறங்க மாட்டாராம். தம்பிக்கு எப்பவும் அவசரம்தான்னு சிரிக்கிறாரு."

டாக்டரின் முகத்தில் ரத்தம் இல்லை. வேகமாக எண்ணி அவளை எழுப்பினார். அவள் சோம்பல் முறித்தாள். பசிக்கிறது என்றாள்.

டாக்டர் கதவைத் திறந்து பார்த்தார். யாரும் இல்லை. தரையைப் பார்த்தார். உடனே மூடிவிட்டார். என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

"பயம் போயிடுச்சு. ஊருக்குப் போங்க. இனிமே இங்க வராதீங்க."

பயம் போய்த்தான் இருந்தது. பேருந்து நிலையத்தில் ஒரு வண்டிக் குதிரையின் நெற்றியை அவள் தடவிக் கொடுத்தாள். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் முறை. நான் மகிழ்ந்திருக்க வேண்டும். அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரை நினைத்துத் தடவுகிறாள்?

மே 22. கல்யாணம். சம்பந்திகள் செம்பழுப்புக் குதிரை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மூத்த சம்பந்தியின் ஆட்களும் வந்திருந்தார்கள். அந்த மாமா வாய் திறந்தார்.

"மாவு அறைக்கு வெளியில பூட்டுப் போட்டாச்சா சம்பந்தி?"

கனிஷாய் நேராகப் போனாள். கடிவாளத்தை வாங்கினாள். கைதட்டல். என் முதுகு நிமிர்ந்தது.

பிறகு அவள் யாரும் கேட்காமலே குதிரையில் ஏறினாள்.

சேணத்தில் உட்காரவில்லை.

சேணத்துக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி வளைத்தாள். யாரையோ இடுப்போடு பிடித்துக்கொள்வதுபோல. கன்னத்தைச் சாய்த்தாள். காற்றின்மேல்.

சேணம் காலி.

கூட்டம் விளையாட்டு என்று நினைத்து ஆரவாரித்தது. குதிரையின் முதுகு தாழ்ந்ததை நான் மட்டும் பார்த்தேன். ஒரு பெண்ணின் எடைக்கு அப்படித் தாழாது. யாரும் அதட்டவில்லை. அதுவாகவே வாசலைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போனது. மணி 5.35.

6.15க்குத் திரும்பினாள். பாவாடை உலர்ந்திருந்தது. குதிரை உலர்ந்திருந்தது. சேணத்தின் இருக்கையில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது.

"நல்ல நடைங்க" என்றாள்.

மானம் காப்பாற்றப்பட்டது. எல்லோரும் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். எனக்கு எவர் முகமும் தெரியவில்லை.

மறுநாள் காலையே அந்தக் குதிரையைப் பண்ணைக்கு அனுப்பிவிட்டேன். கொட்டிலில் ஒரு குதிரைகூட வைக்கவில்லை. அவள் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் என்னை அரித்தது.

மே 26, வியாழன். மாலை 6.10. நல்ல வெயில். கனிஷாய் கல்யாண முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"கொஞ்சம் சவாரி போயிட்டு வரேங்க."

"எந்தக் குதிரைல?"

"வாசல்ல நிக்குதே."

நான் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை.

"போகாத" என்றேன். ஒருமுறைதான் சொன்னேன். கெஞ்சவில்லை. அண்ணனிடம் நான் எதற்கும் கெஞ்சியதில்லை.

அவள் வாசலைத் தாண்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் திரும்பினாள்.

டக்... டக்... டக்...

ஓடிப்போய்ப் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை. வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணில் குளம்புத் தடங்கள். ஒரே குதிரை. ஆழமான தடம். இரண்டு பேரைச் சுமந்த தடம். ஆற்றங்கரைவரை போனது. அதற்குமேல் இல்லை.

போலீஸ் ஒன்பது நாள் ஆற்றில் தேடியது. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. ஃபிரூன்ஸேயில் விசாரித்தார்கள். டாக்டர் ஃபரீத் கல்யாணத்துக்கு முந்தின வாரமே வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போயிருந்தார். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

பத்தாவது நாள் அப்பாவின் தங்கை ஜூராகான் அத்தையிடம் போனேன். வயது எண்பத்து நான்கு. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"உங்கப்பா சத்தியம் வாங்கியிருந்தாருடா. அதான் சொல்லல."

"என்ன சொல்லல?"

"அவ எசென்குலுக்குப் பேசின பொண்ணு. அவ தொட்டில்ல கிடந்தா, அவனுக்கு அஞ்சு வயசு. அவன் கையாலதான் அவ காதுல கம்மல் போட்டோம். அந்தக் காலத்துல தொட்டில் நிச்சயம் குத்தம், வெளில தெரிஞ்சா ஜெயிலு. அவகிட்டயும் சொல்லல, உங்கிட்டயும் சொல்லல."

"நான்தானே அவளப் பாத்தேன்... அறுவடை விழாவுல..."

"உன்னை அந்த விழாவுக்கு அனுப்பினது யாரு? உங்கப்பா."

நான் எழப் போனேன். அத்தை கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அப்புறம் ஊரறியச் சின்னவனுக்குக் கட்டறதுக்கு முன்னாடி, பெரியவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னாரு. நாங்க மூணு பேரும் கல்லறைக்குப் போனோம். உங்கப்பா, உங்கம்மா, நான். 'சின்னவனுக்கு விட்டுக் குடுக்கிறியா'ன்னு மூணு தடவை கேட்டாரு."

"பதில் வந்துச்சா?"

"குதிரை வந்துச்சு. அவனோட ஆத்துல போன அதே குதிரை. ஏழு வருஷம் கழிச்சு. சொட்டச் சொட்ட வந்து கல்லறைக்குப் பக்கத்துல நின்னுச்சு. உங்கப்பா அழுதுட்டாரு. பெரியவன் சம்மதிச்சுட்டான்னாரு."

"சம்மதிச்சுட்டான்தானே அத்தை?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை.

"சேணத்துக்குப் பின்னால சிவப்பு மெத்தை கட்டியிருந்துச்சுடா. பொண்ணழைக்கப் போறப்ப, பொண்ணு உக்காரக் கட்டுவமே... அந்த மெத்தை."