பட்டினப்பாக்கத்தில் பாடியது

நான் கற்பிக்கும் தத்துவத்துக்கு முதல் கேள்வி எங்கே கிடைத்தது என்று இந்தக் குளிர்தேசத்து மாணவர்கள் கேட்பதுண்டு. மயிலாப்பூர்க் குளக்கரையில் என்பேன். சிரிப்பார்கள்.

எனக்கு அப்போது ஏழு வயது. தீபாவளிக்குச் சற்று முன்புதான் அம்மா இறந்துபோயிருந்தாள். அப்பா ஆட்டோ ஓட்டப் போய்விடுவார். மாமாதான் என்னைப் பார்த்துக்கொள்வார். பங்குனியில் அறுபத்துமூவர் விழாவன்று காலையில் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு குளக்கரைக்குப் போனார். பாம்பு கடித்து இறந்த பெண்ணைச் சாம்பலிலிருந்து ஒரு பிள்ளை பாடியே எழுப்பிய பழங்கதையை அங்கே வருஷந்தோறும் நடத்திக் காட்டுவார்கள். ஊர்த் திருவிழாக்களைப் பார்க்காமலே போகலாமா என்று அவளைக் கேட்கிற பாட்டு அது என்று மாமா சொன்னார். ஓதுவார் பாடி முடித்ததும் பட்டுடுத்திய பெண் விக்கிரகத்தைக் காட்டினார்கள். எல்லோரும் கைகூப்பினார்கள். நான் மாமாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன்.

“மாமா, அம்மா சாம்பலு எங்க கீது?”

மாமா என்னைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார். “கடல்ல கரைச்சிட்டோம் நைனா. பட்டினப்பாக்கத்துல.”

சாயங்காலம் அப்பாவின் ஆட்டோவில் ஏறிக்கொண்டு, பட்டினப்பாக்கம் போனால்தான் இறங்குவேன் என்று அடம்பிடித்தேன். கூட்டிப்போனார். அலையில் கால் நனைய நின்று, ஓதுவாரின் ராகத்தில் எனக்குத் தெரிந்த சொற்களைப் போட்டுப் பாடினேன்.

“அறுபத்துமூவர் வந்துச்சும்மா, நீ பாக்கலியே...”

“இன்னாடா பாடுற?” என்றார் அப்பா. சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ காக்கி பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“பொங்கலு வந்துச்சு, நீ பாக்கலியே” என்று சேர்ந்து பாடினார். “தீபாவளி வந்துச்சு” என்று தொடங்கியவர் அதோடு நிறுத்திவிட்டார். எடுத்துக்கொடுத்தேன். மறுபடியும் அதே சொல்லோடு நிறுத்திவிட்டார். நுரை வந்தது, போனது. அம்மா வரவில்லை.

திரும்பும்போது, “நீ பாதில உட்டுட்டப்பா. அதான் அம்மா வரல” என்றேன்.

“ஆமாண்டா. எனக்குப் பாட வரல” என்று ஒத்துக்கொண்டார்.

சொல்லால் எதை எழுப்ப முடியும் என்றுதான் இத்தனை வருஷமாக வகுப்பெடுக்கிறேன். இங்கே பங்குனியில் பனி பெய்கிறது. அப்பாவும் போய்விட்டார். திருவிழாவைப் பார்க்காதவன் இப்போது நான்தான்.

அந்த நாளில் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டிலேயே அப்பாவைப்போலப் பாடுகிறவர் யாருமில்லை. அன்றைக்கு மட்டும் அவருக்கு ஏன் பாட வரவில்லை என்று பட்டினப்பாக்கத்திலிருந்து வீடு வரும்வரை யோசித்தேன். எனக்குப் புரியவில்லை.