நான் வாங்கிக் கொடுத்த போன்

வேலையிடத்துக்குள் நுழையும் முன் கைப்பேசியைத் தகரப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அது மட்டும் இன்னும் பழகவில்லை. வாசலில் ஆளுக்கொரு பெட்டி. மூடியைச் சாத்தினால் எந்த அழைப்பும் வராது. திரும்ப வெளியே எடுக்கும் வரை ஊரில் என்ன நடந்தாலும் நமக்குத் தெரியாது.

இது போலந்து நாடு. நான் இருப்பது ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். படித்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டாவதோடு சரி. சூலூரில் இருபது வருடம் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டினேன். அந்தக் கைப்பழக்கம்தான் இங்கே கொண்டுவந்து விட்டது. இங்கேயும் காயில்தான், கம்பி மட்டும் தலைமுடி கனம். மக்தா என்ற பெண் புற்றுநோய் செல்களை வைத்து ஆராய்கிறார். எந்த மூலக்கூறு கூடினால், எது குறைந்தால் நல்ல செல் கெட்டுப்போகிறது என்று பார்க்கிறார். அந்த செல் துளி மின்சாரம் விடுமாம். கட்டடத்தில் ஓடும் கரண்டின் இரைச்சல் அதை அமுக்கிவிடும். இரைச்சலைத் தடுத்து, செல்லின் சிக்னலை மட்டும் கம்ப்யூட்டருக்கு விட ஒரு ஃபில்டர் வேண்டும். அனலாக் ஃபில்டர் என்கிறார்கள். அதற்குத்தான் நான் காயில் கட்டுகிறேன். போனை வெளியே வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

முதல் மாதம் ஊர்ப் பழக்கத்தில், சொன்ன கணக்குக்கு மேல் சில சுற்று சேர்த்துச் சுற்றிவிட்டேன். மக்தா காயிலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். “ஏன்?” என்றார். “ஒரு பாதுகாப்புக்கு” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “நீ தடுக்கக் கூடாததைத் தடுத்துவிட்டாய்” என்றார். சுற்று கூடியதில் இரைச்சலோடு செல்லின் சிக்னலும் நின்றுபோனதாம்.

சூலூரில் எங்கள் வீட்டை ஒட்டி நான்கு விசைத்தறி. என் மனைவி ராஜாமணிதான் ஓட்டுவாள். அவளிடம் இருந்தது பட்டன் போன். பேசினால் தறிச் சத்தம்தான் முதலில் வரும், பிறகுதான் அவள் குரல். இரண்டு பேரும் கத்துவோம். முதல் வருடம் லீவில் போனபோது நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பின்னால் வரும் இரைச்சலை நீக்கிவிட்டுப் பேசும் குரலை மட்டும் அனுப்புமாம். அதற்குள்ளும் ஒருவகை ஃபில்டர்தான் என்று மக்தா சொல்லியிருந்தார். அதை ராஜாமணிக்கு உட்கார்ந்து விளக்கினேன். எனக்கு அதில் ஒரு பெருமை.

இங்கே திரும்பி வந்து கூப்பிட்டேன். தறிச் சத்தம் துளிகூட இல்லை. பழக்கத்தில் நான் கத்தினேன்.

“ஏனுங்க, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. எதுக்குங்க இந்தக் கத்து?”

“தறி ஓடுதா அம்மணி?”

“நாலும் ஓடுதுங்க.”

“சத்தமே வரல பாத்தியா?”

“ஆமாங்க. நல்ல போனுங்க. நீங்க அங்க காயில் கட்டறீங்களா, கம்மல் செய்யறீங்களா? அத்தன சன்னக் கம்பியாமா?”

இப்படித்தான் பேசுவோம். தை மாதத்துக்குப் பிறகு வீடியோவில் வருவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், “கேமராவுல பஞ்சுத் தூசி அடைஞ்சுபோச்சுங்க” என்றாள். தறிக்காரர் வீட்டில் தூசி அடையாத பொருள் எது? நம்பினேன். குரல் கொஞ்சம் இளைத்திருந்தது. அதையும் போன் வடிகட்டுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாதம் ஒரு மதியம் பெட்டியைத் திறந்தேன். மகள் கவிதா பதினொரு தடவை கூப்பிட்டிருந்தாள். டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் ராஜாமணியின் உயிர் போய்விட்டது. முகம் மட்டும் பார்த்தேன். தலையில் முடி இல்லை.

கவிதா பிறகு சொன்னாள். மார்பில் கட்டி. கோயமுத்தூரில் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

“தைப்பொங்கலுக்கு அப்புறம் தறியே ஓடலைங்கப்பா.”

“தெனமும் பேசுனனே கண்ணு. தறியடியில இருக்கறேன்னாளே.”

“தறியடியிலதாங்கப்பா இருந்தாங்க. நிறுத்துன தறிகிட்டச் சேர் போட்டு உக்காந்துட்டுத்தான் உங்ககிட்டப் பேசுவாங்க. சொன்னா வேலைய விட்டுப்போட்டு ஓடி வந்துருவாரு, மறுக்கா விசா குடுக்க மாட்டாங்கன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாங்க.” பிறகு, “‘உங்கப்பா போனு நல்லா மறச்சுக் குடுக்குது கண்ணு’ன்னு சிரிப்பாங்க” என்றாள்.

அந்தப் பட்டன் போன் அவள் கையில் இருந்திருந்தால் தறி நின்ற அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும். வேறொன்றும் வேண்டாம், அந்தச் சத்தம் இல்லாததே போதும். ஆறு மாதம் பக்கத்தில் இருந்திருப்பேன். பிழைத்திருப்பாளா, தெரியாது. பக்கத்தில் இருந்திருப்பேன்.

காரியம் முடிந்து திரும்பி வந்தேன். ராஜாமணியின் ரிப்போர்ட்டை மக்தாவிடம் காட்டினேன். படித்தார். செல் வளர்க்கும் கண்ணாடிக் குடுவைகளில் ஒரு வரிசையைக் காட்டி, “இதே வகை” என்றார். அன்றைக்கும் காயில் கட்டினேன். சுற்று சரியாகத்தான் இருந்தது.

இப்போது தறியைக் கவிதா ஓட்டுகிறாள். போன மாதம் அவளிடம், “அந்தப் பழைய போன் இருக்குதா கண்ணு?” என்று கேட்டேன். அலமாரியில் கிடந்ததாம். சார்ஜ் போட்டு வைக்கச் சொன்னேன். காலையில் டிராமில் வேலைக்குப் போகும்போது அதற்குக் கூப்பிடுவேன். அவள் எடுத்துத் தறிக்கால் மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். பேச்சு எதுவும் கிடையாது. தடக் தடக் என்று ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கே டிராமில் யாரும் பேச மாட்டார்கள். அந்த அமைதியில் என் காதோரத்துச் சத்தம் வெளியே கேட்டுவிடுகிறது. நேற்று பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா போனையும் என் முகத்தையும் பார்த்தார். “ஜ்லே ஸ்விஹச்?” என்றார். சரியாகக் கேட்கவில்லையா என்று அர்த்தம். லைன் கெட்டுப்போய் நான் தவிக்கிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம்.

“தோப்ஜெ” என்றேன். நன்றாகக் கேட்கிறது.

இறங்கும் இடம் வந்தது. இறங்கினேன். பெட்டி வரைக்கும் காதிலேயே வைத்திருந்தேன்.