முப்பத்து நான்கு போன்களில் ஒரு கடிதம்

கடிதம் ஒரே தாள்தான். மருத்துவமனையின் முத்திரையை விட்டுவிட்டு எண்ணினால் அதில் எட்டு விவரங்கள் இருந்தன: என் மனைவியின் பெயர், பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, தொலைபேசி எண், வார்டு, சேர வேண்டிய நாள், அறுவை சிகிச்சையின் பெயர், அதைச் செய்யப்போகும் மருத்துவரின் பெயர். இந்த எட்டில் ஒன்றைக்கூட நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நான் போட்ட சண்டைக்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் இருக்கிறோம். பாமாயில் ஆலையில் முப்பத்தொரு வருடம் எடைமேடைக் கிராணியாக, கணக்கெழுதுகிறவனாக, இருந்தேன். லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, வெளியே போகும்போது ஓர் எடை. வேலையை விட்டு வந்து பல வருடம் ஆகியும் எண்ணுவது நிற்கவில்லை. மாத்திரையை எண்ணுவேன், படிக்கட்டை எண்ணுவேன், சிக்னலில் நிற்கும் மோட்டார் சைக்கிளை எண்ணுவேன். என் மனைவி இதைப் பொறுத்துக்கொண்டு வாழ்கிறவள். அவள் எண்ணுகிற ஆள் இல்லை. சொல்லாமல் வைத்துக்கொள்கிற ஆள்.

கடிதம் வந்த அன்று மேசையில் வைத்து இரண்டு முறை படித்துவிட்டு அவள் சொன்னாள்: "நான் போறேன். அறுத்துக்கிறேன். ஆனா ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. பழமும் பார்லி தண்ணியும் தூக்கிட்டு யாராவது வார்டுக்கு வந்தாங்கன்னா, நான் எழுந்து வீட்டுக்கு வந்துருவேன். அப்புறம் நீங்க கூப்பிட்டாலும் போக மாட்டேன்."

இது வெறும் மிரட்டல் இல்லை. ஒருமுறை கல்யாண மண்டபத்தில் யாரோ அவளிடம் சத்தமாக ஒன்றைக் கேட்டார்கள் என்று, பாதி சாப்பாட்டில் எழுந்து பஸ் நிறுத்தம் வரை நடந்தவள். பேச்சுவார்த்தையே கிடையாது. இந்த அறுவையோ தள்ளிப்போடக் கூடியது அல்ல. மருத்துவர் அதை என்னிடம் தனியாக, மெதுவாக, இரண்டு தடவை சொல்லியிருந்தார். நாட்களை எண்ணினேன். பதினாறு இருந்தது.

மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். விடியுமுன் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போகிறவன், இரண்டு நாளுக்கு மேல் லீவு கிடைக்காது. ஆகவே மெர்சிங்கில் இருக்கும் என் மனைவியின் தங்கையை வீட்டுக்கு வந்து தங்கச் சொல்லலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். எந்த நாள் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், தேதியை மட்டும் தட்டச்சு செய்து அனுப்புவதை விட்டுவிட்டு, தவறு வந்துவிடக் கூடாதே என்று கடிதத்தையே படம் பிடித்து அனுப்பினேன். முப்பத்தொரு வருடமாக எந்தச் சீட்டையும் நகலில்லாமல் வெளியே விடாதவனுடைய பழக்கம்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் அன்பியம். மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்போம். அதற்கு ஒரு வாட்ஸ்அப் புலனக் குழு உண்டு, முப்பத்து நான்கு பேர். ஒரு நாளைக்கு நாற்பது குட்மார்னிங் படங்கள் வரும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறைதான் திறப்பேன். அப்படித் திறந்த ஒரு காலையில், ரோஜாப்பூவுக்கும் தேநீர்க் கோப்பைக்கும் நடுவே என் மனைவியின் கடிதம் கிடந்தது. மேலே, "அவசர செபம். இந்தச் சகோதரிக்காகச் செபிக்கவும். எல்லாருக்கும் அனுப்பவும்." படத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் தெரிந்தது. நகத்தில் இருந்த கறுப்பு வடுவைப் பார்த்தேன். என் விரல்.

மெர்சிங்குக்குப் போன் போட்டேன். கொழுந்தியாள் எடுத்ததுமே அழத் தொடங்கினாள்.

"எங்க கோயில் குரூப்ல மட்டும்தான் போட்டேன் அத்தான். அக்காவுக்காகத்தான். அது அங்க எப்படி வந்துச்சின்னு சத்தியமா தெரியாது."

"ஒங்க குரூப்ல எத்தன பேரு?"

"அம்பதுக்கு மேல இருக்கும்."

"இருக்கும்னா?"

"எண்ணல அத்தான்."

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அங்கே இருப்பதை அழிக்கச் சொன்னேன். அக்காளிடம் வாயைத் திறக்காதே என்றும் சொன்னேன். எங்கள் குழுவில் போட்டவருக்கும் அது வேறெங்கிருந்தோ வந்ததுதான்; மெர்சிங்கிலிருந்து எத்தனை கை மாறிக் கூலாய்க்கு வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் மனைவி பட்டன் போன் வைத்திருப்பவள், அதனால் அவள் மட்டும் அதைப் பார்க்கவில்லை. தப்பியது அவ்வளவுதான்.

அன்பியத்தின் ஒருங்கிணைப்பாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"டீச்சர், குரூப்ல என் வீட்டு லெட்டர் கெடக்கு. எடுத்துருங்க."

"பாத்தேன் அண்ணே. எல்லாரும் செபிச்சிக்கிட்டுதான் இருக்கோம். அவங்க சேர்ற அன்னைக்கு சாயந்திரம் ஒரு வேன் சொல்லியிருக்கு, பதினாலு பேரு. வார்டுலேயே ஒரு செபமாலை சொல்லிட்டு வந்துருவோம். ஒங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல."

"வேன் வேணாம்."

"ஏன் அண்ணே?"

"அவளுக்குப் புடிக்காது."

"செபம் சொல்லத்தான வர்றோம், கச்சேரிக்கா வர்றோம்?"

"செபத்த இங்கேருந்தே சொல்லலாம். கடவுளுக்கு வார்டு நம்பர் அனுப்பத் தேவையில்ல டீச்சர்."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் போனை எடுத்து அழுத்திப் பார்த்தார். "அலமாக், எல்லாருக்கும் அழிக்கிறது வரமாட்டேங்குது லா. நேரம் ஓடிப்போச்சாம். என் போன்ல மட்டும்தான் அழிக்க முடியும்."

அழித்தார். முப்பத்து நான்கில் என்னுடையதும் அவருடையதும் போக முப்பத்திரண்டு.

வீடு வீடாகப் போவது என்று தீர்மானித்தேன். முதல் மூன்று வீட்டில் ஐந்து போன்கள். உள்ளதைச் சொல்லி, அழித்துவிடுங்கள் என்று கேட்டேன். மூன்றாவது வீட்டுப் பெண் சொன்னாள், "எந்த லெட்டர் அங்கிள்? நான் பாக்கவே இல்லையே." சொல்லிவிட்டு, மேலே தள்ளித் தள்ளித் தேடிக் கண்டுபிடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அறுவையின் பெயரைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏங்க, இங்க வாங்களேன், ஆன்ட்டிக்கு ஆப்ரேஷனாம்" என்றாள்.

அழிக்கப் போன நானே ஆள் கூட்டிப் படிக்கவைத்துவிட்டேன். ஐந்து பேரில் மூன்று பேர் நான் போன பிறகுதான் அதைப் படித்தார்கள். வாசலில் செருப்பை மாட்ட எனக்கு வெகுநேரம் ஆனது.

மறுநாள் வேறு வழி பிடித்தேன். அது பொய்யான வழி. "போன் ஸ்லோவா இருக்கா? குட்மார்னிங் படம் நெறஞ்சிருக்கும். குடுங்க, சுத்தம் பண்ணித் தர்றேன்" என்று உள்ளே நுழைந்தேன். எல்லாரும் மகிழ்ந்து போனார்கள். மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். மூன்றாவது வீட்டுக்குப் போகும்போதே, "கிளீனர் அங்கிள் வந்துட்டாரு" என்று கேலி தொடங்கிவிட்டது. ஒரு போனில் மட்டும் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு படங்கள். பூக்களை அழிக்கும் சாக்கில் கடிதத்தையும் அழித்தேன். இரண்டு நாளில் எட்டு வீடு, பன்னிரண்டு போன்.

பன்னிரண்டில் பலவற்றுக்குப் பூட்டு இல்லை. பூட்டு இருந்தவர்களும் எண்ணை வாயால் சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்கள். ஒருவர் தன் அடையாள அட்டையை முன்னும் பின்னும் படம் பிடித்து யாரோ ஒரு புதிய எண்ணுக்கு அனுப்பியிருந்தார்.

"இது யாருக்கு அனுப்புனீங்க?"

"யாரோ கம்பெனிக்காரன் அண்ணே. பரிசு விழுந்திருக்காம்."

"வந்துச்சா?"

"வரும்னாங்க."

நான் அவரைத் திட்டினேன். திட்டும்போது என் கையில் இருந்தது அவருடைய போன் என்பது எனக்கு உறைக்கவில்லை. இன்னொரு போனில், தேடாமலேயே, நான் பார்த்திருக்கக் கூடாத நான்கு வரிகளைப் பார்த்தேன். அந்த நான்கு வரிகள் பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை. அது என்ன என்று இங்கே எழுதவில்லை, எங்கேயும் எழுதப் போவதில்லை.

அடுத்து முனை வீடு. அங்கே ஒரு விதவை தனியாக இருக்கிறார்; செனாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர். கேட்டைத் திறந்தார், நாற்காலி போட்டார், போனைக் கேட்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என் ஹேண்ட்போன நான் யாருக்கும் குடுக்க மாட்டேன் அண்ணே."

"சுத்தம் பண்ணத்தான்."

"அழுக்கா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்."

வேறு வழியின்றி உண்மையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "முத நாளே பாத்தேன். அப்பவே அழிச்சிட்டேன். ஒருத்தருக்கும் சொல்லல."

"ஒரு தடவ காட்டிருங்களேன்."

"காட்ட மாட்டேன்."

"அப்புறம் நான் எப்படி நம்புறது?"

"நம்பாதீங்க. அது ஒங்க பாடு." பிறகு கேட்டார், "சுத்தம் பண்றேன்னு எத்தன பேரு போன வாங்குனீங்க?"

"பன்னெண்டு."

"ஒங்க வீட்டு லெட்டர ஒருத்தி எடுத்துப் போட்டதுக்கு நீங்க பன்னெண்டு வீட்டு லெட்டர பாத்துட்டு வந்துருக்கீங்க."

எட்டு வீடுதான் என்று திருத்த வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். என் நோட்டுப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே என்ன போடுவதென்று தெரியாமல் வெறுமனே விட்டேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் போகவில்லை.

அந்த மாத அன்பியம் மனைவி சேர வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்னால் கூடியது. அவளுக்குக் கால் வலி என்று வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் இருபத்தாறு பேர். செபம் முடிந்து அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்றேன். போன் சுத்தம் செய்ய வந்தது எதற்காக என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார். மைலோ கலக்கிக் கொடுத்த பெண் சிரிக்கவில்லை.

"அங்கிள், என் போன்ல வேற என்னா பாத்தீங்க?"

"பாத்தத சொல்ல மாட்டேன். கேட்டு வாங்குனது என் தப்பு. மன்னிச்சிக்கங்க. இனிமே எனக்கு மட்டும் இல்ல, யாருக்கும் குடுக்காதீங்க."

"இவரே பாத்துட்டு இவரே புத்தி சொல்றாரு" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

"ஆமா, பாத்ததாலதான் சொல்றேன். இன்னும் அந்த லெட்டர் யார் போன்ல இருக்கோ இப்பவே அழிச்சிருங்க. நான் வந்து பாக்க மாட்டேன். வேன் வரக் கூடாது. வந்தா நான் லிப்ட் வாசல்ல நின்னு திருப்பி அனுப்புவேன். வயசாச்சின்னு பாக்காதீங்க, நிப்பேன்."

டீச்சர் மெதுவாகச் சொன்னார், "அண்ணே, நோவுன்னா கூட நிக்கிறதுதான நம்ம வழக்கம்."

"கூட நில்லுங்க டீச்சர். கூப்பிட்டா நில்லுங்க. இனிமே யாருக்கு என்னா நோவுன்னாலும் அந்த ஆள கேக்காம ஒரு வரி போடக் கூடாது. செபத்துக்குன்னு சொன்னாலும் கூடாது."

யாரும் ஆமென் சொல்லவில்லை. அங்கேயே நின்றபடி குழுவிலிருந்து வெளியேறினேன். டீச்சரின் கையில் இருந்த போன் அதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். குனிந்து பார்த்தார், நிமிரவில்லை. உறவு முறிந்தது என்று சிலர் நினைத்தார்கள். நினைக்கட்டும்.

சேர்ந்த அன்று ஜொகூர் பாரு மருத்துவமனையில் நான்கரை மணிக்குப் பார்வையாளர்களை விட்டார்கள். நான் சொன்னபடி லிப்ட் வாசலில் நின்றேன். ஐந்தே முக்கால் வரை அறுபத்தோரு பேர் வந்தார்கள். எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. அப்போது போன் அடித்தது.

"அண்ணே, கீழ இருக்கோம்." டீச்சர்தான். "ஆறு பேரு. மேல வரல. வேன்லேயே உக்காந்து சொல்லிட்டுப் போயிருவோம். அவங்களுக்குச் சொல்லாதீங்க."

சன்னலுக்குப் போனேன். கார் நிறுத்துமிடத்தின் கடைசியில் ஒரு வெள்ளை வேன், கதவு மூடியிருந்தது. செபமாலையில் ‘அருள் நிறைந்த மரியே’ என்ற செபம் ஐம்பத்து மூன்று முறை வரும். மனத்தில் நானும் எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பத்தொன்பதில் இருந்தபோது வேன் கிளம்பியது. அவர்கள் என்னைவிட வேகமாகச் சொல்கிறவர்கள். நான் கீழே இறங்கவில்லை, கையாட்டவும் இல்லை. வேனே வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

திரும்பிப் போனபோது என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பு கட்டிலுக்கடியில் ஒழுங்காக, வாசலைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது.

"யாராச்சும் வந்தாங்களா?"

"வார்டுக்கு யாரும் வரல."

மணியைப் பார்த்தாள்; பார்வை நேரம் முடிந்திருந்தது. காலைத் தூக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆன பிறகு தங்கைதான் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். என் மனைவி கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "படம் புடிச்சது யாரு?"

"நான்."

"அப்ப அவள எதுக்குத் திட்டுனீங்க?"

இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். ஞாயிறு பூசைக்குப் போனபோது கேட்டவர்களிடம், "கொஞ்சம் ஒடம்பு முடியல, இப்ப பரவால்ல" என்றாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நான் இன்னும் குழுவில் சேரவில்லை. டீச்சர் இருமுறை அழைப்பு அனுப்பினார். இப்போது அங்கே செப விண்ணப்பம் போடுவதற்குமுன் அந்த ஆளுக்கே போன் போட்டுக் கேட்கிறாராம். கேட்கட்டும். நான் வெளியே இருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

இதை எழுதி முடித்து முதலில் அவளிடம்தான் கொடுத்தேன். கண்ணாடியும் சிவப்புப் பேனாவும் கேட்டாள். வேன் வருகிற பகுதியை இரண்டு முறை படித்தாள், அதில் ஒரு வரியையும் அடிக்கவில்லை. மற்ற இடங்களில் ஏழு கோடு போட்டாள். ஆறுக்கு நான் ஒப்புக்கொண்டேன். ஏழாவதற்கு வாதாடினேன்.

"அது நல்ல வரி லா."

"நல்ல வரிதான்" என்றாள். "ஆனா என்னப் பத்தினது." கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.